நேரம் தவறாத குரல்: வீட்டுக்கு இணையத் தொலைபேசி வாங்குவோருக்கு

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கூடத்துத் தொலைக்காட்சியில் திரைப்படம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிறது. அதே நேரத்தில் பக்கத்து அறையில் அலுவலக வேலையாக இணையவழியில் பேசிக்கொண்டிருப்பவரின் குரல் மட்டும் மறுமுனையில் விட்டு விட்டுக் கேட்கிறது. தெளிவான திரைப்படம் ஒன்று, குரல் அழைப்பைப் போல சுமார் 50 மடங்கு தரவை இழுக்கிறது. அவ்வளவு பெரிய சுமையைத் தாங்கும் இணைப்பு, இவ்வளவு சிறிய குரலுக்கு ஏன் தடுமாறுகிறது?

வீட்டுக்கும் வீட்டிலிருந்தே நடத்தும் தொழிலுக்கும் இணையத் தொலைபேசி வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கேள்விக்கான விடையைத்தான். அது தெரிந்துவிட்டால் எந்தத் திட்டத்தை எடுப்பது, எந்தப் பெட்டியை வாங்குவது, விற்பவரிடம் எதைக் கேட்பது என்பதெல்லாம் தானே தெளிவாகும். தெரியாவிட்டால் மாதாமாதம் கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டுவோம். குரல் தடுமாறுவது மட்டும் மாறாது.

குரல் எண்ணாகும் விதம்

நாம் பேசும்போது காற்றில் எழும் அழுத்த மாற்றங்களை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலையை அப்படியே செம்புக் கம்பியில் ஓட விட்டது பழைய தொலைபேசி. பாரிஸில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1938இல் வேறொரு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அலையை அனுப்பத் தேவையில்லை. அதன் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, அந்த அளவுகளை எண்களாக அனுப்பினால் போதும், மறுமுனையில் அலையை மீண்டும் வரைந்துகொள்ளலாம் என்பது அவர் கண்ட வழி.

பேச்சைப் புரிந்துகொள்ள 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகள் போதும் என்று தொலைபேசித் துறை நெடுங்காலத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் அதை அளந்தால், இழப்பில்லாமல் திரும்ப உருவாக்கிவிடலாம் என்கிறது கணிதம். அதன்படி நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். ஆக, நொடிக்கு 64,000 பிட். 1972இல் இது ஜி.711 என்ற பெயரில் உலகத் தரமானது. இன்றும் இணையத் தொலைபேசிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

இந்த எண் ஓட்டத்தை இணையத்தில் அனுப்பும்போது, 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக வெட்டிப் பொட்டலம் கட்டுகிறார்கள். ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட். அதன்மேல் முகவரி, வரிசை எண், நேரக் குறிப்பு ஆகியவற்றுக்கு 40 பைட். நொடிக்கு இப்படி 50 பொட்டலங்கள் புறப்படுகின்றன. வீட்டு வலையின் உறையையும் சேர்த்தால் ஒரு திசைக்குச் சுமார் 87 கேபிபிஎஸ். ஒரு மணி நேரம் பேசினால் இரு திசைக்குமாக 80 எம்பிகூட ஆகாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே குரலுக்கு வேகப் பஞ்சம் வருவதே இல்லை. பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது.

குரலை எண்ணாக்கிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.729 என்ற கோடெக் 64,000 பிட்டை 8,000 ஆகச் சுருக்கும்; தெளிவு சற்றுக் குறையும். 1988இல் வந்த ஜி.722, 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். 2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ், இணைப்பின் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். இந்த வேறுபாடு காதுக்கு நன்றாகவே தெரியும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரும்பகுதி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய தரத்தில் அந்தப் பகுதி வெட்டப்பட்டுவிடுவதால்தான் மின்னஞ்சல் முகவரியைப் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது எஸ்ஸும் எஃப்பும் குழம்புகின்றன. வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் நாள் முழுவதும் போனில் கேட்டு எழுதுபவருக்கு அகன்ற கோடெக் பெரிய உதவி. ஒரு நிபந்தனை உண்டு: இரு முனைகளிலும் இடையிலுள்ள நிறுவனங்களிலும் அதே கோடெக் இருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் இல்லாவிட்டால் அழைப்பு முழுவதும் பழைய தரத்துக்கு இறங்கிவிடும்.

தாமதமாக வந்தால் வராததற்குச் சமம்

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1974இலேயே குரலை அனுப்பிப் பார்த்தார்கள். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த டேனி கோஹன் அந்த முயற்சியின் நடுநாயகம். அன்றைய ஆர்ப்பாநெட் தடங்கள் நொடிக்கு 50,000 பிட் அளவே கொண்டவை. 64,000 பிட் கேட்கும் குரல் அதில் நுழையவே நுழையாது. பேசுபவரின் தொண்டையும் வாயும் ஒலியை உருவாக்கும் விதத்தைக் கணித மாதிரியாக்கி, நொடிக்கு சுமார் 3,500 பிட்டாகச் சுருக்கி அனுப்பினார்கள்.

அந்தச் சோதனைகள் கற்றுத்தந்த பாடம் சுருக்கத்தைவிடப் பெரியது. கணினிக் கோப்பை அனுப்பும்போது ஒரு துண்டு தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு தாமதமானாலும் முழுமையாக வந்து சேர வேண்டும். குரலின் தேவை இதற்கு நேர்மாறானது. ‘நாளைக்கு வருகிறேன்’ என்ற பேச்சில் 20 மில்லிநொடித் துண்டு ஒன்று தொலைந்தால் கேட்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதையே திரும்பக் கேட்டு வாங்கக் காத்திருந்தால் பின்னால் வரும் பேச்சு முழுவதும் நின்றுபோகும். குரலுக்கு முழுமையைவிட நேரம் முக்கியம் என்று கோஹனும், அவரோடு டேவிட் ரீட், ஜான் ஷாச் ஆகியோரும் வாதாடினார்கள். முழுமைக்கு உறுதி தரும் டிசிபியும், பொட்டலத்தை முகவரிக்கு அனுப்பும் வேலையை மட்டும் செய்யும் ஐபியும் தனித்தனியாகப் பிரிந்ததற்கு இந்த வாதமும் ஒரு காரணம். தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யுடிபி என்ற முறை 1980 ஆகஸ்டில் எழுத்துவடிவம் பெற்றது. இணையத் தொலைபேசியின் குரல் வழக்கமாகப் பயணிப்பது அதன்மேல்தான்.

பிறகு 1996இல், பொட்டலங்களுக்கு வரிசை எண்ணும் நேரமும் குறிக்கும் ஆர்டிபி வந்தது. மறுமுனையைத் தேடிப் பிடித்து மணியடிக்க வைக்கும் எஸ்ஐபி 1999இல் வெளிவந்து, 2002இல் இன்றைய வடிவத்தை அடைந்தது. உங்கள் வீட்டு இணையத் தொலைபேசி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இயங்குபவை இவையே.

திரைப்படம் ஓடும்போது குரல் தடுமாறுவதன் காரணம் இப்போது தெரிகிறது. திரைப்படம் முன்பே எடுக்கப்பட்ட ஒன்று. தொலைக்காட்சி அடுத்த அரை நிமிடக் காட்சிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு சில நொடிகள் தள்ளாடினாலும் சேமிப்பிலிருந்து காட்டிவிடும். குரலில் அது நடக்காது. அடுத்த சொல் இன்னும் பேசப்படவே இல்லை; பேசப்படாததைச் சேமித்து வைக்க முடியாது.

150 மில்லிநொடிக்குள் அடங்க வேண்டிய கணக்கு

ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசத் தொடங்கும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. சராசரியாக அது சுமார் 200 மில்லிநொடி. அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டது உரையாடல். நடுவில் கால் நொடி கூடிவிட்டால், மற்றவர் பேசத் தயங்குகிறார் என்று நினைத்து நாம் மீண்டும் தொடங்குவோம். அதே கணத்தில் அவர் குரலும் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் ‘சொல்லுங்கள்’ என்பார்கள். விலை பேசும்போதோ, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானம் செய்யும்போதோ இந்தத் தடுமாற்றம் தொழிலையே பாதிக்கும்.

இதனால்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் ஜி.114 பரிந்துரையில், ஒரு திசைப் பயணம் 150 மில்லிநொடிக்குள் முடிந்தால் நல்லது என்றும், 400 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வகுத்திருக்கிறது. இந்த 150இல் எது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? பொட்டலம் கட்ட 20 மில்லிநொடி போய்விடும். மிச்சத்தை வீட்டு வைஃபை, இணைய நிறுவனத்தின் வலை, தூரம், மறுமுனையில் காத்திருப்பு ஆகியவை பங்கு போட்டுக்கொள்கின்றன.

மறுமுனையில் ஏன் காத்திருப்பு? 20 மில்லிநொடிக்கு ஒன்றாகப் புறப்படும் பொட்டலங்கள் அதே சீரில் வந்து சேருவதில்லை. ஒன்று 15 மில்லிநொடியில் வரும், அடுத்தது 45இல் வரும், அதன்பின் இரண்டு சேர்ந்து வரும். இந்த ஒழுங்கின்மைக்கு ஜிட்டர் என்று பெயர். கல்யாணப் பந்தியில் சமையற்கட்டிலிருந்து சாம்பார் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பரிமாறுபவரின் வாளியில் எப்போதும் கொஞ்சம் இருப்பு இருந்தால் இலைக்கு இலை தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். கேட்கும் கருவியும் அப்படித்தான் சில பொட்டலங்களை இருப்பு வைத்துக்கொண்டு சீராக ஒலிக்கவிடுகிறது. ஜிட்டர் கூடக் கூட இருப்பையும் கூட்ட வேண்டும். இருப்பு கூடினால் தாமதமும் கூடும். அந்த இருப்புக்கும் பிந்தி வரும் பொட்டலம் பயனில்லாமல் தூக்கி எறியப்படும்.

தொலைந்த துண்டுகளை மென்பொருள் முன்பின் ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பும். நூற்றுக்கு ஒன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தால் காது மன்னித்துவிடும். தொடர்ந்து ஐந்தாறு தொலைந்தால் ஓர் அசையே காணாமல் போகும். ‘அனுப்பவில்லை’ என்பதில் ஓர் அசை போனாலே பொருள் கெட்டுவிடுமே!

தூரத்துக்கும் விலை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும்; அதாவது 200 கிலோமீட்டருக்கு 1 மில்லிநொடி. சென்னையிலிருந்து மதுரைக்கு இது கணக்கில் வராத அளவு. ஆனால் உங்கள் தொலைபேசிச் சேவையின் சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்து, குரல் அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும் என்றால், சென்னையில் இருப்பவர் மதுரையில் இருப்பவரோடு பேசவும் ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நேர்கோட்டில் போனால்கூட 135 மில்லிநொடி. கடலடி கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. அனுமதிக்கப்பட்ட நேரம் முழுவதும் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே சேவை தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: குரல் கடந்துபோகும் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது?

குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்

குரல் கெடும் இடம் பெரும்பாலும் வெளியே இல்லை. வீட்டு ரவுட்டரில்தான் இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் கைபேசியில் எடுத்த காணொளிகள் கூகுள் போட்டோஸுக்கு ஏறத் தொடங்குகின்றன என்று வையுங்கள். ரவுட்டர் அனுப்பக்கூடிய வேகத்தைவிட அதிகமாகத் தரவு வந்து குவிகிறது. எதையும் தொலைக்கக் கூடாது என்று ரவுட்டர் அத்தனையையும் வரிசையில் நிறுத்துகிறது. அந்த வரிசையின் வாலில் உங்கள் குரல் பொட்டலமும் போய் நிற்கிறது. அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றும், வரிசையில் 1 மெகாபைட் நிற்கிறது என்றும் கொண்டால் குரல் 0.8 நொடி காத்திருக்க வேண்டும். 150 மில்லிநொடி வரம்பு எங்கே, 800 எங்கே!

நினைவகச் சில்லுகள் மலிவானதால் ரவுட்டர்களில் தேவைக்கு மேல் நீண்ட வரிசைகளுக்கு இடம் கொடுத்ததுதான் இந்தச் சிக்கலின் வேர். பெல் ஆய்வகத்தின் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இதை ஊரறியச் செய்து ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, நீண்ட நேரம் நிற்க வைக்கும் ஓட்டங்களைச் சற்று அடக்கும் முறை அது. இன்று பல ரவுட்டர்களில் ‘க்யூஓஎஸ்’ அல்லது ‘எஸ்க்யூஎம்’ என்ற பெயரில் இத்தகைய வசதி இருக்கிறது. அதை இயக்கி, அப்லோடு வரம்பை உண்மை வேகத்தில் 90 விழுக்காடாக வைத்தால், அதே இணைப்பில் குரல் தெளிந்துவிடுவதைக் கேட்கலாம்.

சோதிப்பது எளிது. ஃபாஸ்ட் டாட் காம், ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் இரண்டுமே இணைப்பு சும்மா இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் தாமதம் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுகின்றன. பலரும் பெரிய எழுத்தில் வரும் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தாமத எண்களை. சும்மா இருக்கும்போது 10 மில்லிநொடி, நிறைந்திருக்கும்போது 300 என்று வந்தால், வேகமான திட்டத்துக்கு மாறுவதற்கு முன் ரவுட்டரைச் சரிசெய்யுங்கள்.

வைஃபையும் ஜிட்டரைக் கூட்டும். அதன் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை முறைக்குக் காத்திருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். அலுவலக மேசைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது, செலவு குறைந்த, பலன் நிறைந்த திருத்தம்.

மூன்று வழிகள்

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு நீண்ட கட்டுப்பாட்டு வரலாறு உண்டு. 2002 ஏப்ரலில் அனுமதி கிடைத்தபோது, கணினியிலிருந்து வெளிநாட்டு எண்களை அழைக்கலாம், உள்நாட்டுத் தொலைபேசிகளை அழைக்கக் கூடாது என்றுதான் விதி இருந்தது. ஸ்கைப்பும் இந்தியாவுக்குள் மொபைல், லேண்ட்லைன் எண்களை அழைக்கும் வசதியை 2014 நவம்பரில் நிறுத்தியது. 2018இல்தான் தொலைத்தொடர்புத் துறை, உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையவழி அழைப்பை உள்நாட்டுத் தொலைபேசி வலையோடு இணைக்கலாம் என்று வழிவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ என்ற இணையத் தொலைபேசிச் சேவையை அறிமுகம் செய்தது. இன்று நம்முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைன். பிஎஸ்என்எல் பாரத் ஃபைபர், 2019 செப்டம்பரில் வணிகச் சேவையைத் தொடங்கிய ஜியோ ஃபைபர், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் ஃபைபர் ஆகியவை இந்த வகை. ஃபைபர் மோடத்தின் பின்புறம் போனுக்கென்று இருக்கும் துளையில் சாதாரணத் தொலைபேசியையே செருகலாம். குரலை எண்ணாக்கும் வேலையை மோடமே செய்துவிடும். இதன் பெரிய பலம், இணைய நிறுவனமே தொலைபேசி நிறுவனமாகவும் இருப்பது. தன் வலைக்குள் குரலுக்கென்று தனித் தடம் ஒதுக்கி முன்னுரிமை கொடுக்க அதனால் முடியும். வீட்டில் யார் எதை அப்லோடு செய்தாலும் அந்தக் குரல் பெரும்பாலும் பாதிக்கப்படாது.

இரண்டாவது, கிளவுட் டெலிபோனி. சோஹோ வாய்ஸ், எக்சோடெல் போன்றவை இந்த வகை. ஒரு எண்ணை வாங்கிக் கணினியிலும் கைபேசியிலும் சேர்த்து ஒலிக்க வைக்கலாம். அழைப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றலாம். வேலை நேரம் முடிந்ததும் குரல் பதிவுக்கு அனுப்பலாம். இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஒரே நிறுவனமாக இயங்கினால் இது பொருத்தமானது. இணையவழியில் பேசும்போது குரல் உங்கள் இணைப்பில் மற்ற தரவோடு கலந்து முட்டிமோதித்தான் போகும். மேலே சொன்ன ரவுட்டர் திருத்தங்கள் இதற்குக் கட்டாயம் தேவை.

மூன்றாவது, வாட்ஸ்அப், டீம்ஸ், கூகுள் மீட் போன்ற செயலிகள். தரம் நன்றாக இருக்கும், செலவும் இல்லை. ஆனால் அதே செயலி உள்ளவரோடுதான் பேச முடியும். வங்கியும், பள்ளி அலுவலகமும், லேண்ட்லைன் மட்டுமே வைத்திருக்கும் பெரியவர்களும் உங்களை அதில் அழைக்கப்போவதில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தொழிலின் ஒரே வாசலாக வைக்க முடியாது.

மலிவு என்று சொல்லி, வெளிநாட்டுச் சேவை வழியாக இந்திய எண்ணைக் காட்டி அழைக்கலாம் என ஆசை காட்டுபவர்களிடம் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டு இந்திய எண்ணைப் பொய்யாகக் காட்டும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. உரிமமில்லாமல் வெளிநாட்டு அழைப்பை உள்நாட்டு அழைப்பாக மாற்றிவிடுவது குற்றம். ‘உங்கள் வீட்டில் ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொள்கிறோம், வாடகை தருகிறோம்’ என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். விளம்பர அழைப்புகளுக்குச் சாதாரண எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் விதி.

மின்சாரம் போனால்

பழைய செம்புக் கம்பி குரலோடு மின்சாரத்தையும் சுமந்து வந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்த மின்கல அடுக்குகள் 48 வோல்ட் அழுத்தத்தைக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டிருந்தன. தெருவே இருண்டாலும் போன் வேலை செய்ததற்கு அதுவே காரணம். கண்ணாடி இழை ஒளியை மட்டும் கொண்டுவரும். வீட்டில் மின்சாரம் போன கணமே மோடம் அணையும், அதோடு போனும் அணையும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய தேவை அப்படிப்பட்ட இரவுகளில்தான் வரும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடம், ரவுட்டர் இரண்டையும் அதன் இணைப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர்களுக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் போதும். மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் இருந்தும் இழை அறுந்துபோகலாம்; அதற்கு யுபிஎஸ் உதவாது. ஆகவே ஃபைபர் தரும் நிறுவனமும் கைபேசி நிறுவனமும் வேறு வேறாக இருக்கட்டும்.

112, 108 போன்ற அவசர எண்களுக்கு உங்கள் சேவையில் அழைப்பு போகுமா, போனால் எந்த முகவரி அவர்களுக்குத் தெரியும் என்று வாங்கும்போதே கேளுங்கள். இணையத் தொலைபேசியை எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம் என்பது வசதிதான். ஆனால் எண் திருச்சியைக் காட்ட, ஆள் கோவையில் இருந்தால் உதவி தேடி வருபவர் எங்கே போவார்? வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவசரத்துக்குக் கைபேசியையே பழக்குவது பாதுகாப்பு.

மணி அடிக்காத போன், தொலைந்துபோகும் எண்

இணையத் தொலைபேசியில் அடிக்கடி எழும் இன்னொரு புகார்: ‘நான் கூப்பிட்டால் போகிறது, எனக்கு வருவது மட்டும் ஒலிப்பதில்லை.’ இதற்கும் காரணம் தெளிவானது. வீட்டு ரவுட்டர், உள்ளிருந்து வெளியே போகும் பேச்சுக்கு மட்டும் தற்காலிகமாக வாசல் திறக்கும். சற்று நேரம் அமைதியாக இருந்தால் மூடிவிடும். பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால் வெளியிலும் இதேபோல் இன்னொரு வாசல் இருக்கும். போன் சில நொடிகளுக்கு ஒருமுறை சிறு பொட்டலம் அனுப்பி வாசலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பு போனில் இருக்கிறது. ரவுட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். உதவுவதற்காக வந்த அது, பொட்டலங்களைத் தவறாகத் திருத்தி ஒருபக்கக் குரலை உண்டாக்குவதே அதிகம்.

வங்கியின் தானியங்கிக் குரல் 1ஐ அழுத்தச் சொல்லும்போது அழுத்தியும் அது கேட்காமல் போனால், சுருக்கும் கோடெக் அந்த விசை ஒலியைச் சிதைத்துவிட்டது என்று பொருள். விசைகளை ஒலியாக அனுப்பாமல் தனிச் செய்தியாக அனுப்பும் அமைப்பு உண்டா என்று பாருங்கள். கடவுச்சொல்லையும் எளிதாக எண்ணாதீர்கள். திருடிய கணக்கிலிருந்து வெளிநாட்டு எண்களுக்கு இரவெல்லாம் அழைத்து உரிமையாளர் தலையில் பில்லைக் கட்டும் மோசடி உலகெங்கும் உண்டு. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அதை மூடி வைக்கச் சொல்லுங்கள். குரலை மறையாக்கி அனுப்பும் எஸ்ஆர்டிபி 2004 முதல் இருக்கிறது. சட்டம், மருத்துவம், கணக்கு சார்ந்த தொழில் செய்பவர்கள் அது உள்ள சேவையையே எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணைப் பற்றி யோசியுங்கள். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே 5இல் மூடப்பட்டது. நிறுவனங்கள் வரும், போகும். விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட எண் போகக் கூடாது. இந்தியாவில் மொபைல் எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் எடுத்துச் செல்லும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உண்டு. லேண்ட்லைன் எண்ணுக்கு அத்தகைய வசதியை எதிர்பார்த்துத் திட்டமிடாதீர்கள். வீட்டை மாற்றினாலோ இணைய நிறுவனத்தை மாற்றினாலோ ஃபைபர் லேண்ட்லைன் எண் கைவிட்டுப் போகலாம்.

வாங்கும் முன்

தேர்வுக்கு ஒரு மாலை நேரம் போதும். இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், தெருவே இணையத்தில் இருக்கும்போது சோதியுங்கள். ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்துகொண்டே பத்து நிமிடம் பேசுங்கள். நீங்கள் ஒன்று, அவர் இரண்டு, நீங்கள் மூன்று என்று மாறி மாறி வேகமாக எண்ணுங்கள். தாமதம் இருந்தால் இருபதுக்குள் தெரிந்துவிடும். பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பாருங்கள்.

வீட்டுக்கு மட்டும் என்றால் ஃபைபர் லேண்ட்லைன், மோடத்துக்கு ஒரு யுபிஎஸ், வேறு நிறுவனத்தின் கைபேசி ஒன்று: இது போதும். கைபேசிச் சிக்னல் மட்டும் வீட்டுக்குள் மங்கலாக இருந்தால், புதிதாக எதையும் வாங்காமல் கைபேசியில் வைஃபை அழைப்பு வசதியை இயக்குங்கள். தனி ஆளாக வீட்டிலிருந்து தொழில் செய்பவர், அச்சிடும் எண்ணை எடுத்துச் செல்லக்கூடிய மொபைல் எண்ணாக வைத்துக்கொண்டு, நீண்ட பேச்சுகளுக்கு லேண்ட்லைனைப் பயன்படுத்தலாம். மூவர் நால்வர் சேர்ந்து அழைப்புகளை எடுப்பதானால் கிளவுட் டெலிபோனியோடு நல்ல ரவுட்டரும் லேன் கேபிளும் சேரட்டும்.

விற்பவர் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார். ‘நெரிசல் நேரத்தில் தாமதம் எவ்வளவு? சர்வர் எங்கே இருக்கிறது? எண் என்னோடு வருமா? 112க்குப் போகுமா?’ என்று நீங்கள் கேளுங்கள். இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். மழுப்புபவர் எவ்வளவு வேகம் தந்தாலும் வேண்டாம்.